ஃபுளோரன்ஸிலிருந்து வந்த இரண்டு அபராத நோட்டீஸ்கள்

வெளிநாட்டில் வாடகைக் கார் ஓட்டிவிட்டுத் திரும்பியவர்கள் பலருக்கு ஒரு விஷயத்தில் குழப்பம் இருக்கிறது. பயணம் முடிந்து பல வாரங்கள் கழித்து, கிரெடிட் கார்டிலிருந்து நாற்பது, ஐம்பது யூரோ தானாகக் கழிந்திருக்கும். எங்கோ அபராதம் விழுந்திருக்கிறது, அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள், கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். முடியவில்லை. அந்தத் தொகை அபராதமே அல்ல. காரை யார் வாடகைக்கு எடுத்திருந்தார்கள் என்று காவல்துறை கேட்டதற்கு, உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்த வேலைக்காக வாடகை நிறுவனம் எடுத்துக்கொண்ட கட்டணம் அது. உண்மையான அபராதம் பின்னால் வருகிறது, அதுவும் தபாலில்.

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் குடும்பத்தோடு கார் பயணம் போய்விட்டு வந்த எங்களுக்கு அப்படி இரண்டு நோட்டீஸ்கள் வந்தன. ஒன்றைக் கட்டினோம், இன்னொன்றை எதிர்த்து எழுதி ரத்து செய்ய வைத்தோம். அந்த இரண்டையும் கையாண்டபோது தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் ஊர்களிலிருந்து இத்தாலிக்குப் போய்த் தாங்களே கார் ஓட்டுகிறவர்கள் பெருகிவருகிறார்கள். அவர்களில் பலர் இந்த நோட்டீஸைப் பார்த்துப் பதறுகிறார்கள், அல்லது கிழித்துப் போடுகிறார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை.

கார் ஒப்பந்தம் என் பெயரில் இருந்தது. அண்ணன் இரண்டாவது ஓட்டுநர். இருவரிடமும் கோவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்தது. அது ஓராண்டுக்குத்தான் செல்லும், அசல் உரிமத்தோடு சேர்த்தே காட்ட வேண்டும். யார் ஓட்டியிருந்தாலும், கேமராவில் பதிவானது கார் எண்தான் என்றால், நோட்டீஸ் ஒப்பந்தக்காரரின் வீட்டுக்குத்தான் வரும். ஆகவே கவுன்டரில் முகவரி எழுதும்போது கதவு எண், தெரு, பின்கோடு எல்லாவற்றையும் முழுமையாக எழுதுங்கள். அரைகுறை முகவரி கொடுத்தால் நோட்டீஸ் வராது என்று ஒரு நண்பர் ஆலோசனை சொன்னார். அது தவறான ஆலோசனை. நோட்டீஸ் நம் கைக்கு வராமல் போனால் நமக்குத்தான் நஷ்டம், தொகை அங்கே ஏறிக்கொண்டே போகும்.

முதல் நோட்டீஸ் ஃபுளோரன்ஸ் நகரின் பழைய பகுதிக்குள் அனுமதியில்லாமல் கார் நுழைந்ததாகச் சொன்னது. இத்தாலிய நகரங்களின் பழைய மையங்கள் பெரும்பாலும் 'ஸோனா ஆ டிராஃபிக்கோ லிமிதாத்தோ' எனப்படும் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருக்கின்றன. சுருக்கமாக இசட்.டி.எல். என்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்கள், டாக்சிகள், அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் போகலாம். தடுப்புக் கம்பமோ காவலரோ இருக்க மாட்டார்கள். சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை ஒன்று, பக்கத்தில் மின்னணுப் பலகை ஒன்று, மேலே கேமரா. மின்னணுப் பலகையில் 'வார்கோ ஆத்திவோ' என்று சிவப்பில் எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, உள்ளே போகக் கூடாது. ஃபுளோரன்ஸில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.30 முதல் இரவு 8 மணி வரையும், சனிக்கிழமை மாலை 4 மணி வரையும் இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. கோடை மாதங்களில் வாரக் கடைசி இரவுகளிலும் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் நேரம் வேறு என்பதால், போகிற நகரத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொள்வதே சரி.

எங்கள் விடுதி அந்தப் பகுதிக்குள்ளேயே, சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. விடுதியில் தங்குகிறவர்கள் பெட்டிகளை இறக்கக் காரோடு உள்ளே வரலாம். அதற்கு விடுதிக்காரர்கள் கார் எண்ணை நகராட்சியின் பட்டியலில் பதிந்துவிட வேண்டும். காரை எடுத்த கவுன்டரில் நின்றுகொண்டே, நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து, எண்ணையும் தட்டச்சு செய்து விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிந்துவிட்டோம் என்று அன்று மாலையே பதில் வந்தது. பின்னால் எங்களைக் காப்பாற்றியவை அந்த இரண்டு மின்னஞ்சல்கள்தான். வரவேற்பு மேசையில் வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் நிரூபிக்க எதுவும் இருந்திருக்காது.

இரண்டாவது நோட்டீஸ், ஃபுளோரன்ஸிலிருந்து பீசா வழியாக லிவோர்னோ போகும் விரைவுச் சாலையில் அண்ணன் ஓட்டியபோது பதிவான வேகத்துக்கானது. ஃபி-பி-லி என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் சாலை அது. ஆட்டோஸ்ட்ராடா என்ற கட்டணச் சாலைகளில் 130 வரை போகலாம், மழை பெய்தால் 110. ஃபி-பி-லி பார்ப்பதற்கு அதைப் போலவே இருந்தாலும் வரம்பு 90, சில இடங்களில் அதற்கும் குறைவு. கேமராக்களும் வரிசையாக நிற்கின்றன. பதிவான வேகத்தில் ஐந்து சதவீதத்தை, குறைந்தது ஐந்து கிலோமீட்டரைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். கழித்த பிறகும் எங்கள் வேகம் வரம்பைச் சிறிது தாண்டியிருந்தது.

நோட்டீஸைப் படிக்கும் விதம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தாலியில் அதற்கு 'வெர்பாலே' என்று பெயர். வெளிநாட்டவருக்கு வருவதில் பெரும்பாலும் ஆங்கிலமும் சேர்ந்திருக்கும். முதலில் கார் எண், நாள், மணி, இடம் ஆகியவற்றை ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். நீங்கள் காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு நடந்த மீறல் உங்கள் தலையில் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. ஒப்பந்தத்தையும், கார் ஒப்படைத்த நேரம் எழுதிய சீட்டையும் ஓராண்டுக்கு மேல் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். இத்தாலியச் சாலைச் சட்டத்தின் 201ஆவது பிரிவின்படி, வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள்வரை அவகாசம் இருக்கிறது. வாடகைக் கார் என்றால் நிறுவனம் உங்கள் விவரத்தைக் கொடுத்த நாளிலிருந்து அதிகாரிகள் எண்ணுவதும் உண்டு. போய் வந்து வெகு நாளாகிவிட்டதே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

அடுத்து பார்க்க வேண்டியது எந்தப் பிரிவு, எவ்வளவு தொகை. கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழைந்ததற்கு ஏழாவது பிரிவின்படி 83 யூரோ. வரம்பை 10 கிலோமீட்டர் வரை தாண்டியதற்கு 142ஆவது பிரிவின்படி 42 யூரோ. இரவு 10 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையில் என்றால் வேக அபராதம் மூன்றில் ஒரு பங்கு கூடும். இவற்றோடு தபால் செலவும் நடைமுறைச் செலவும் சேரும். ஆகவே அடியில் எழுதிய மொத்தம் இவற்றைவிடக் கூடுதலாக இருந்தால் ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். நோட்டீஸ் கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் கட்டினால் அபராதத்தில் 30 சதவீதம் தள்ளுபடி: 83 யூரோ 58.10 ஆகும், 42 யூரோ 29.40 ஆகும். ஐந்து நாளுக்குப் பின் அறுபது நாள்வரை முழுத்தொகை. அறுபதைத் தாண்டினால், அந்த மீறலுக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சத் தொகையின் பாதியாக ஏறுகிறது, அதாவது 83 யூரோ ஏறத்தாழ இருமடங்காகிறது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூடும்.

இந்தக் கணக்கு எல்லாம் நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. தபால்காரர் கையெழுத்து வாங்கிய தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கி மேசையின் மேல் வைத்துவிட, நாம் ஒரு வாரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. அதற்குள் ஐந்து நாள் சலுகை போயிருக்கும்.

அண்ணன் முதலில் சொன்னது இதுதான்: "விட்டுவிடு தம்பி. அவ்வளவு தூரத்திலிருந்து யார் வந்து நம்மைக் கேட்கப் போகிறார்கள்?" பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். இது குற்ற வழக்கு அல்ல, நிர்வாக அபராதம், விமான நிலையத்தில் யாரும் கைது செய்யப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கட்டாமல் விட்டால், தொகை ஏறிக்கொண்டே இருக்கும் ஒரு பாக்கி நம் பெயரில் நிற்கும், வசூல் நிறுவனங்களின் கடிதங்கள் தொடர்ந்து வரும். எனக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்த ஊரின் குறுகலான தெருக்களில் வண்டிப் புகையும் நெரிசலும் இல்லாமல் நாம் நடந்து ரசித்தோம் என்றால், அது அந்தக் கட்டுப்பாட்டால்தான். விருந்தாளியாகப் போன இடத்தில் வீட்டுக்காரரின் விதியை மதிப்பது நம் பண்பாடு. வேக நோட்டீஸைப் பற்றி நான் இதைச் சொன்னதும் அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் கார்டை எடுத்துக் கொடுத்தார்.

அவர் கார்டில் கட்டப்போனால் பணம் போகவில்லை. 2020 அக்டோபர் முதல், ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, புதிதாக வழங்கும் கார்டுகள் இந்தியாவுக்குள் பயன்படுத்துவதற்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையப் பயன்பாட்டையும் வங்கியின் செயலியில் நாமே இயக்க வேண்டும். அதைச் செய்தபின் உடனே போயிற்று. தளத்தில் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் காட்டும் தொகையில் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இருக்காது.

வங்கி வழியாக அனுப்பவும் வழி இருக்கிறது. நோட்டீஸில் கணக்கு எண்ணும் ஸ்விஃப்ட் குறியீடும் கொடுத்திருப்பார்கள். நம் வங்கிக் கிளையில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவத்தை நிரப்பி, நோட்டீஸின் நகலை இணைத்துக் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறினால் சிக்கல். இடையில் இருக்கும் வங்கிகளின் கட்டணத்தை யார் ஏற்பது என்று படிவம் கேட்கும். அனுப்புகிறவரே முழுவதையும் ஏற்கிறார் என்று குறிக்க வேண்டும். பகிர்ந்துகொள்வது என்று விட்டுவிட்டால், போகிற வழியில் சில யூரோ கழிந்து, அங்கே குறைந்த தொகை போய்ச் சேரும். குறைந்து வந்தால் கட்டியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மீதிக்குக் கடிதம் வரும். நோட்டீஸ் எண்ணையும் கார் எண்ணையும் விவரப் பகுதியில் எழுதாமல் அனுப்பினால், பணம் யாருடையது என்றே அவர்களுக்குத் தெரியாது. ஐந்து நாள் சலுகையைப் பிடிக்க வேண்டுமானால் வங்கி வழி தாமதமாகும், கார்டுதான் உகந்தது.

முதல் நோட்டீஸை நாங்கள் கட்டவில்லை. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். தள்ளுபடி போய்விடுமே என்று கட்டிவிட்டு, பிறகு விடுதியின் தவறு என்று எழுதுவார்கள். பணம் கட்டிவிட்டால் எதிர்த்து முறையிடும் உரிமை முடிந்துவிடுகிறது. ஆகவே கட்டுவதா, எதிர்ப்பதா என்பதை முதல் இரண்டு மூன்று நாளுக்குள் தீர்மானித்துவிடுங்கள். கையில் எழுத்துபூர்வமான ஆதாரம் இருந்தால் எதிர்க்கலாம். "பலகையைக் கவனிக்கவில்லை", "ஜிபிஎஸ் காட்டிய வழியில் போனோம்", "எங்களுக்கு இத்தாலிய மொழி தெரியாது" என்பவை காரணங்களாக எடுபடாது. அவை மட்டுமே கையில் இருந்தால் தள்ளுபடியோடு கட்டிவிடுவது நல்லது.

விடுதிக்கு எங்கள் பழைய மின்னஞ்சல்களை இணைத்து, நோட்டீஸின் நகலோடு எழுதினேன். முதல் பதில் மழுப்பலாக இருந்தது. அமைப்பில் பதிந்ததற்கான பதிவைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று விடாமல் கேட்டபின், மேலாளர் தேடிப் பார்த்தார். அவர்கள் பதிந்த எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. நாங்கள் அனுப்பிய படத்தில் எண் தெளிவாகவே இருந்தது. அந்த மேலாளர் அதன்பின் நேர்மையாக நடந்துகொண்டார். விடுதியின் தலைப்புத் தாளில், இன்ன நாளில் இன்னார் எங்கள் விருந்தினர், எண்ணைப் பதிந்ததில் எங்களிடம் தவறு நேர்ந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டு, பதிவு தெரியும் கணினித் திரையின் படத்தையும் இணைத்து அனுப்பினார்.

இத்தாலியில் எதிர்ப்பதற்கு இரண்டு முறையான வழிகள் இருக்கின்றன. ஒன்று, மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியான பிரெஃபெட்டோவிடம் அறுபது நாளுக்குள் மனு செய்வது. அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் மனு தள்ளுபடியானால் குறைந்தபட்சத் தொகையைப் போல் இருமடங்குக்குக் குறையாமல் கட்டச் சொல்வார்கள். இன்னொன்று, 'ஜூதிச்சே தி பாச்சே' எனப்படும் கீழ்நிலை நீதிபதியிடம் போவது. அதற்கு 43 யூரோ நீதிமன்றக் கட்டணம் உண்டு, ஆகவே இந்த அளவு அபராதத்துக்கு அது கட்டுப்படியாகாது. இவை இரண்டுக்கும் முன்னால், நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்திடமே தவறைச் சுட்டிக்காட்டி, நீங்களே ரத்து செய்யுங்கள் என்று கேட்கலாம். தவறு வெளிப்படையாகத் தெரிகிற எங்களைப் போன்ற விஷயங்களுக்கு இதுதான் எளிது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இப்படிக் கேட்பதால் அறுபது நாள் கெடு நின்றுவிடாது. பதில் வருமா என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு. நான் பிரெஃபெட்டோவுக்கான மனுவையும் எழுதி, கையெழுத்திட்டுத் தயாராக வைத்துக்கொண்டு, கெடு முடிவதற்கு வெகு நாள் முன்பே அதை அனுப்பிவிடும் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டேன்.

கடிதத்தை இத்தாலிய மொழியில், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதினோம். மொழி அறிந்த ஒரு நண்பர் திருத்திக் கொடுத்தார். நோட்டீஸ் எண், கார் எண், நாள், நேரம், நடந்தது என்ன, கோருவது என்ன, இணைப்புகள் என்னென்ன, அவ்வளவுதான். நம் ஊர் மனுக்களைப் போல வருத்தமும் வேண்டுகோளும் நிறைய சேர்க்கத் தோன்றும், சேர்க்கவில்லை. இத்தாலிய அலுவலகங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட மின்னஞ்சல் முகவரி ஒன்று இருக்கும். நாம் சாதாரண மின்னஞ்சலிலிருந்து அனுப்பும் கடிதம் அந்தப் பெட்டிக்குள் போகாமல் திரும்பவும் கூடும். அதனால் கோவை தலைமைத் தபால் நிலையத்திலிருந்து சர்வதேச விரைவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்த விவரத்தையும் எடுத்து வைத்தோம். கெடுவுக்குள்ளேயே, ரத்து செய்வதாகப் பதில் வந்தது.

வாடகை நிறுவனம் எடுத்த கட்டணம் மட்டும் திரும்பவில்லை. நோட்டீஸ் ரத்தானாலும் அவர்கள் விவரம் கொடுத்த வேலை முடிந்துவிட்டது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. ஒரு நோட்டீஸுக்கு ஒரு கட்டணம். அபராதத்தைவிட இந்தக் கட்டணம் கூடுதலாகவும் இருக்கலாம். ஒரு பெயரும் முகவரியும் அனுப்புவதற்கு இவ்வளவு கேட்பது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கையெழுத்திடும் முன் அந்த வரியைப் படித்திருந்தால் குறைந்தபட்சம் அதிர்ச்சி இருக்காது. எங்கள் விஷயத்தில் தவறு விடுதியுடையது என்பதால் கட்டணத்தை அவர்களிடம் கேட்டேன். தயங்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

இந்தக் கடிதப் போக்குவரத்தே வேண்டாம் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. ஃபுளோரன்ஸுக்குப் போகிறவர்கள் ஏ1 கட்டணச் சாலையிலேயே இருக்கும் வில்லா கோஸ்தான்ஸா என்ற நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிடலாம். சாலையை விட்டு வெளியேறவே வேண்டாம், அங்கிருந்து டி1 டிராம் நேராக நகர மையத்தின் ரயில் நிலையத்துக்குப் போகிறது. சியேனாவில் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நகரும் படிக்கட்டுகளில் மேலே ஏறிப் போகலாம். லுக்காவில் பழைய ஊர் முழுவதும் மதிலுக்குள் இருப்பதால், மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே இன்பம். பீசாவில் கோபுரத்துக்கு நடக்கும் தூரத்தில் பெரிய நிறுத்துமிடம் இருக்கிறது. கோடுகளில் நீலம் என்றால் கட்டணம், மஞ்சள் என்றால் யாருக்கோ ஒதுக்கியது. வெள்ளை பொதுவாக இலவசம் என்றாலும் ஃபுளோரன்ஸில் பல தெருக்களில் அது அங்கே குடியிருப்பவர்களுக்கு உரியது, பலகையைப் படித்துவிட்டு நிறுத்துங்கள்.

ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழும் நம்மவர்களுக்கு நிலைமை வேறு. ஒன்றிய நாடுகள் 70 யூரோவும் அதற்கு மேலுமான அபராதங்களை ஒருவருக்காக மற்றவர் வசூலிக்க 2005ஆம் ஆண்டிலேயே ஏற்பாடு செய்துகொண்டுவிட்டன. இத்தாலிய நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சொந்த நாட்டு அரசு அலுவலகமே வசூலிக்க வரலாம்.

போலிகளும் வருகின்றன. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தட்டிப் பணம் கட்டாதீர்கள். உண்மையான நோட்டீஸில் நோட்டீஸ் எண், கார் எண், நிமிடம் வரையிலான நேரம், தெருவின் பெயர், சட்டப் பிரிவு எல்லாம் இருக்கும். பெரும்பாலும் படத்தைப் பார்ப்பதற்கான குறியீடும் கொடுத்திருப்பார்கள். சந்தேகம் வந்தால், கடிதத்தில் உள்ள முகவரியைப் பயன்படுத்தாமல், அந்த நகராட்சியின் தளத்தை நீங்களே தேடிப் போய், கட்டும் வழி அதனோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கட்டியதற்கான ரசீதையும் ரத்தானதற்கான கடிதத்தையும் ஐந்தாண்டு வைத்திருங்கள். அபராதத்தை வசூலிக்கும் உரிமை அங்கே அதுவரை உயிரோடு இருக்கிறது. கட்டிய பிறகும் நினைவூட்டல் வந்தால், அந்த ரசீதின் நகலை நோட்டீஸ் எண்ணோடு அனுப்பினால் போதும்.